இமைமேல் வரைந்த ஜன்னல்

வீடு பார்க்க வந்த அன்றே அக்காவுக்கு அந்த ஜன்னல் பிடித்துப்போயிற்று.

மாடிப்படி ஏறினால் ஒரு நீளமான அறை. அறையின் ஒரு சுவரில் பாதியை அந்த ஜன்னலே அடைத்துக்கொண்டிருந்தது. மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கண்ணாடியை நாலாகப் பிரித்திருந்தது. உள்பக்கம் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஒரு பலகையைப் பெயர்த்து எடுத்ததும் வெளிச்சம் உள்ளே வந்தது. வெயிலாக வரவில்லை, வெறும் வானத்து வெளிச்சமாக வந்தது.

முகத்துக்கு வண்ணம் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். நேர் வெயிலில் உட்கார்ந்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் விழும்; மஞ்சள் எது, வெள்ளை எது என்று கண் ஏமாறும். குழல்விளக்கின் கீழே ஊதா அழுக்குப் பழுப்பாகத் தெரியும். வெயில் படாத பக்கத்து ஜன்னலில் மட்டும்தான் நீலம் நீலமாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருக்கும். அக்கா பல வருடம் பியூட்டி பார்லரில் விளக்குகளோடு மல்லுக்கட்டியவள். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து, கண்ணுக்கும் உதட்டுக்கும் விதவிதமாக வண்ணம் போட்டு வீடியோ எடுத்துப் போடுகிறாள். இப்படி ஒரு வெளிச்சத்துக்கு அவள் காத்துக்கிடந்தாள்.

"இந்தப் பலகை எல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

"தூசி வரும்," என்றார் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா. படியில் பாதியிலேயே நின்றுகொண்டார். அறைக்குள் வரவில்லை. முட்டி வலி என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

தங்கைக்குப் பட்டாணி என்று பெயர் விழுந்தது சின்ன வயதில். உருண்டை உருண்டையாகக் கண்கள். வாயில் வறுத்த பட்டாணி பொரிவது போல ஓயாத பேச்சு. அம்மா போன பிறகு அவளுக்கு அக்காதான் எல்லாம், அக்காவுக்கும் அவளைத் தவிர வேறு யாருமில்லை. வீடியோவில் வரும் முகமும் அவளுடையதுதான். அதற்கும் காரணம் உண்டு. அக்காவின் இமை சின்னது. கண்ணைத் திறந்தால் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதில் என்ன போட்டாலும் வெளியே தெரியாது. பட்டாணியின் இமையோ அகலமாக, வழவழப்பாக, நல்ல காகிதம் மாதிரி இருக்கும்.

"என் மூஞ்சி இல்லன்னா உன் திறமை எல்லாம் டப்பாக்குள்ளயே காஞ்சு போயிருக்கும்," என்பாள் பட்டாணி.

"உன் வாய் இல்லன்னா சீக்கிரம் முடிச்சிருப்பேன். அசையாதடி."

குடிவந்ததும் மிச்சப் பலகைகளையும் பெயர்த்துவிட்டு, அந்த அறையில் முதல் வீடியோவுக்கு அக்கா ஒரு வித்தையை எடுத்துக்கொண்டாள். மூடிய இமையின் மேல் திறந்த கண்ணை வரைவது. பார்க்கிறவர்களுக்கு ஆள் முழித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். திடீரென்று அந்தக் கண்ணே மேலே சுருண்டு, அடியிலிருந்து நிஜக் கண் வெளியே வரும்.

செய்முறை பொறுமையானது. முதலில் இமையின் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு மெல்லிசாக. இல்லாவிட்டால் வண்ணம் மடிப்பில் திரண்டுவிடும். பிறகு வெள்ளைப் பூச்சு, இமையின் நடுவில் தொடங்கி ஓரங்களுக்கு. தோல்மேல் நேராகப் போட்டால் எந்த நிறமும் தோலின் நிறத்தைக் குடித்து மங்கிவிடும். வெள்ளைமேல் போட்டால் துள்ளும். அதன் மேல் கருவிழி வட்டம். அக்கா மயில்நீலம் எடுத்தாள். வட்டத்தின் உள்ளே ஆரம் ஆரமாக மெல்லிய பச்சைக் கோடுகள், நடுவில் கறுப்புப் பாவை.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கும். அதுதான் உயிர். கண் என்பது ஈரமான உருண்டை. எதிரே இருக்கும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது செத்த கண்தான். ஒரு புள்ளி வைத்தால் போதும், அது உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

எல்லாரும் புள்ளி வைப்பார்கள். அக்காவும் இத்தனை நாள் அதைத்தான் செய்தாள். ஆனால் அன்று பட்டாணி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடும்முன் அவளுடைய நிஜக் கண்ணில் அந்த நாலு கட்ட ஜன்னல் அப்படியே வளைந்து தெரிந்ததை அக்கா கவனித்துவிட்டாள். வேண்டுமானால் நீங்களும் ஜன்னலோரம் நிற்கும் யாருடைய கண்ணிலாவது உற்றுப் பாருங்கள். ஜன்னல் தெரியும், அதற்கு முன்னால் நிற்கும் ஆளும் கறுப்பு நிழலாகத் தெரிவார்.

அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. புள்ளிக்குப் பதிலாக இரண்டு பாவையிலும் கடுகளவு ஜன்னல் வரைந்தாள். குறுக்குச் சட்டத்தோடு.

"ஆச்சு. கண்ணைத் தொறக்காத. கேமரா போடறேன்."

பட்டாணி மயில்நீலக் கண்களால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

"அக்கா, ஜன்னலை மறைக்காம தள்ளி நில்லேன்."

அக்கா நாற்காலிக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தாள்.

"நான் இங்க இருக்கேன்டி."

"அப்ப அங்க யாரு?"

"உன் மாமியார். வாயை மூடு, வீடியோ ஓடுது."

பட்டாணி சிரித்தாள். வரைந்த கண்கள் சிரிக்கவில்லை.

அன்று மாலை வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அக்கா முகம் சுளித்தாள். இரண்டு சின்ன ஜன்னலிலும் நட்டநடுவில் அவள் வரையாத ஒரு கறுப்புக் கோடு. பிரஷ் மயிர் ஒட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் எப்படி ஒட்டும் என்று யோசிக்கவில்லை.

பஞ்சில் எண்ணெய் நனைத்து இமைமேல் வைத்துக் கொஞ்சம் பொறுத்து இழுத்தால் எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். வந்தது. இமை பழையபடி சுத்தமாயிற்று.

படுக்கப் போகும்போது பட்டாணி சொன்னாள், "அக்கா, விளக்கை அணை."

"அணைச்சாச்சே."

"இல்லக்கா. கண்ணை மூடினா வெளிச்சமா இருக்கு."

விளையாடுகிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மெல்லக் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. கண்ணை மூடினால் பட்டாணிக்கு இருட்டவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல அறை தெரிகிறது. எதிரே ஜன்னல் தெரிகிறது. ஜன்னலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கிறாள்.

கறுப்புத் துணியை மடித்துக் கட்டினார்கள். பயனில்லை. வெளிச்சம் வெளியிலிருந்து வந்தால்தானே துணி தடுக்கும்?

மறுநாள் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், கீழிமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு தங்கம் மாதிரி இருக்கு. செல்போனைக் குறைங்க," என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்.

வெளியே வந்ததும் பட்டாணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிட்டாக்கா."

"யாரு?"

"அவ. டாக்டர் மருந்து விட்டப்ப கண்ணை மூடினேன்ல. இந்தப் பக்கம் திரும்பிட்டா."

மனுசனுக்குக் கண் சிமிட்டாமல் இருக்க முடியாது. நாம் கவனிப்பதே இல்லை; ஆனால் இமை ஓயாமல் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது, மழையில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் தண்டு போல. துடைக்காவிட்டால் கண்ணின் ஈரம் காய்ந்து எரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு கணம் இருட்டு. நமக்கு அது இருட்டு. பட்டாணிக்கு அது அந்த அறை.

ஒவ்வொரு சிமிட்டலிலும் அந்தப் பெண் கொஞ்சம் கிட்டே வந்திருந்தாள்.

அந்த வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு லாட்ஜில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் கண்ணை மூடினால் அதே அறை. பட்டாணி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பேசினால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் சிமிட்டிவிடுவாள். விரலால் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கண்கள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. நீர் வழிந்து வழிந்து கன்னத்தில் உப்புக்கோடு விழுந்திருந்தது. அவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அக்கா எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

"அவ முகம் எப்படிடி இருக்கு?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள்.

பட்டாணி இமைகளைப் பிடித்த விரல்களை எடுக்காமலே சொன்னாள்.

"நல்ல முகம்தான். கண்ணு மட்டும்… நீ சொல்வியே, கடைசிப் புள்ளின்னு. அது இல்லக்கா. வெளிச்சமே இல்லாத கண்ணு."

அக்கா தனியாகப் போய் வீட்டுக்காரம்மாவைப் பிடித்தாள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"முன்னாடி மேல யாரும்மா இருந்தாங்க?"

"ஒரு பொண்ணு."

"எங்க போச்சு?"

"எப்பவும் அந்த ஜன்னல்லயே நிக்கும். சோறு தண்ணி கிடையாது, கூப்பிட்டா திரும்பாது. ஒரு நாள் மேல போய்ப் பார்த்தேன், இல்ல. படி இறங்கினதை நான் பார்க்கல. நான் நாள் பூரா இந்தப் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "தெருவுல போறவங்க மட்டும் கேப்பாங்க, மாடியில யாரோ நிக்கறாங்களேன்னு. அதான் பலகை அடிச்சேன். நீ ஏம்மா பிரிச்ச?"

அக்கா திரும்பி நடந்தாள். வெளிச்சத்துக்காக என்று எப்படிச் சொல்வது?

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. தப்பாகப் போட்டதைத் துடைத்தால் போகாது. அதன் மேலேயே சரியாகப் போட வேண்டும். தடித்துப்போன கோட்டை அழித்தால் கறை பரவும், மேலே சரியான நிறத்தை வைத்தால் மறையும். பார்லரில் அவள் முதல் நாள் கற்றது இது. அந்த ஜன்னலை அதே இமையில் மறுபடி வரைய வேண்டும். வரைந்து, கறுப்பை வைத்து மூட வேண்டும். ஜன்னல் இல்லாத கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பட்டாணியை மறுபடி அந்த அறைக்குக் கூட்டி வந்தாள். பகல் வேளை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வாய்க்கும் போடுக்கா," என்றாள் பட்டாணி.

"இப்ப எதுக்குடி அது?"

"வேலை மாதிரி நடக்கட்டும். வேலைன்னா நான் பயப்பட மாட்டேன்."

அக்கா முதலில் உதட்டுக்கே போட்டாள். விளிம்பில் பென்சிலால் கோடு, அப்போதுதான் நிறம் வழியாது. மேலுதட்டில் ஊதா, கீழுதட்டில் ஆரஞ்சு. ஒன்று ஆழமாகப் போகும், ஒன்று முன்னால் வரும். வாய் மூடியிருந்தாலும் ஏதோ சொல்லப்போவது போல இருக்கும். மேலே டிஷ்யூ வைத்து, அதன் வழியாகப் பவுடரைத் தட்டினாள். அப்படிச் செய்தால் நாள் முழுக்கக் கலையாது.

"எப்படி இருக்கேன்?"

"பேய் மாதிரி இருக்க."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"மூடட்டுமாக்கா?"

"மூடு கண்ணு. நான் இங்கயே இருக்கேன்."

பட்டாணி கண்ணை மூடினாள். உடம்பு விறைத்தது. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.

பிரைமர். வெள்ளை. மயில்நீலம். பச்சைக் கோடுகள். கறுப்புப் பாவை. பிறகு கடுகளவு ஜன்னல்கள், ஒவ்வொரு கண்ணிலும் ஒன்று.

இரண்டாவது ஜன்னலின் வெள்ளை காயும்முன்பே அதன் நடுவில் ஒரு கறுப்பு கசிந்து வந்தது. யாரும் தொடவில்லை. அது தலையாயிற்று. தோளாயிற்று. ஜன்னலை முழுக்க அடைத்தது.

"பக்கத்துல வந்துட்டாக்கா," என்று பட்டாணி கிசுகிசுத்தாள்.

"இதோ முடிச்சிடறேன்."

"குனியறா."

அக்கா வலது ஜன்னல்மேல் கறுப்பை வைத்தாள்.

"என் மூஞ்சியத் தொடறா. ஜில்லுனு இருக்கு. அக்கா, எழுந்திரின்னு சொல்றா. என் கையைப் பிடிச்சு…"

"எழுந்திரிக்காதடி! உக்காரு!"

"நான் உக்காரத்தான் பாக்கறேன்க்கா, அவதான்…"

அக்கா இடது ஜன்னல்மேல் கறுப்பை அழுத்தி வைத்தாள்.

பேச்சு நின்றது.

நாற்காலிக் கையிலிருந்த விரல்கள் தளர்ந்தன. மூச்சு சீராக வந்தது. தலை மெல்லச் சாய்ந்தது.

தூங்கிவிட்டாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். இருட்டு இவ்வளவு பெரிய வரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பட்டாணி தூங்கத் தூங்கவே பஞ்சில் எண்ணெய் நனைத்து இமைகளைத் துடைத்தாள். உதட்டின் ஊதாவையும் ஆரஞ்சையும் துடைத்தாள். பலகையை எடுத்து ஜன்னலில் பழையபடி அடிக்கப் போனவள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், ஆணிச் சத்தம் எழுப்பிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே பட்டாணி கண்ணைத் திறந்தாள்.

நேரே ஜன்னலைப் பார்த்துத் திறந்தாள்.

"பட்டாணி? இருட்டா இருந்துச்சா? தூங்கினியா?"

அக்கா கிட்டே போய்க் குனிந்தாள். கண் சிவப்பு போயிருந்தது. வெள்ளை வெள்ளையாக, கறுப்பு கறுப்பாக, அழகாக இருந்தது. எதிரே பாதிச் சுவரளவு ஜன்னல், வானம் நிறைய வெளிச்சம்.

அந்தக் கண்ணில் ஜன்னல் இல்லை.

குனிந்திருந்த அக்காவும் இல்லை.

வாழ்நாள் முழுக்க ஒரு புள்ளி வெள்ளையால் கண்களுக்கு உயிர் கொடுத்தவளுக்கு, அந்தப் புள்ளி இல்லாத கண் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலை மூடுவதிலேயே குறியாக இருந்தாள். மூடும் நேரத்தில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு பட்டாணியின் உடம்பில் இருந்த அது சாப்பிட்டது, நடந்தது, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. பேசவில்லை. பட்டாணி பேசாமல் இருப்பாளா? பெரும்பாலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றது; வெகுநாள் பார்த்துச் சலித்தவர்கள் நிற்பது போல.

அக்கா லேசில் விடவில்லை. மூடிய ஜன்னலைத் திறந்தால் போயிற்று என்று பிரஷை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் இமைமேல் வரைய வேண்டுமானால் கண் மூடியிருக்க வேண்டும்.

அது கண்ணை மூடவே இல்லை.

தூங்கும்போதும் மூடவில்லை. சிமிட்டவும் இல்லை. விரலால் இமையை இழுத்துப் பார்த்தாள். கல்லில் செதுக்கியது போல அசையவில்லை. கெஞ்சினாள். காலில் விழுந்தாள். அது அவளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சமையலறையில் அதற்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு குழல்விளக்குதான். வாயைத் துடைத்துவிட முகத்தைப் பிடித்துத் திருப்பியபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் திரும்ப வந்திருப்பதைப் பார்த்தாள்.

குழல்விளக்கின் கோடு இல்லை. நாலு கட்டம். குறுக்குச் சட்டம்.

அதன் நடுவில் கடுகிலும் சின்னதாக ஒரு உருவம். இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்திருந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே போனாள். உருவத்தின் வாய் தெரிந்தது. மேலே ஊதா. கீழே ஆரஞ்சு.

கலையவே இல்லை.

வாய் மூடித் திறந்தது, மூடித் திறந்தது, ஓயாமல். சத்தம் மட்டும் வரவில்லை.

"பட்டாணி," என்றாள் அக்கா. "பட்டாணி, இதோ வரேன்டி. எப்படி வரணும்னு சொல்லு."

வெளுத்த உதடுகள் முதல் தடவையாகப் பிரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தது பேசியது. தங்கையின் குரல்தான். ஆனால் அவசரமே இல்லாத குரல்.

"கண்ணை மூடுக்கா. நான் போட்டு விடறேன்."

அதன் கையில் பிரஷ் இருந்தது. நுனியில் வெள்ளைப் பூச்சு, சரியான அளவில்.

அக்கா அந்தக் கண்ணையே பார்த்தாள். உள்ளே பட்டாணி இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வா என்கிறாளா, வராதே என்கிறாளா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அக்காவுக்குப் போவதற்கு வேறு வழி இல்லை.

அவள் கண்ணை மூடினாள்.

பிரஷின் நுனி இமையின் நடுவில் ஜில்லென்று பட்டது. அங்கிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது, நிதானமாக, கொஞ்சமும் பிசகாமல்.

அந்தச் சின்ன இமையிலும் அதற்கு இடம் போதுமானதாக இருந்தது.